கூரியர் பார்சலில் போதைப்பொருள் இருந்தால் நிறுவனம் பொறுப்பா, கவுண்டரில் வாங்கியவர் பொறுப்பா?

கேள்வி கேட்டவர் நேராகவே கேட்டிருக்கிறார்: வாடிக்கையாளர் கொடுக்கும் பார்சலுக்குள் போதைப்பொருள் இருந்து பிடிபட்டால், அதை ஏற்றிப் போன கூரியர் நிறுவனத்தின் மேல் வழக்கு வருமா? உங்கள் வீட்டில் யாராவது கூரியர் வேலைக்குப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்களே ஒரு கவுண்டர் எடுத்து நடத்தலாமா என்று யோசிக்க வேண்டும். அப்படி நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. மலேசியாவில், கெடா மாநிலத்தில், கூலிமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் நடுவில் ஒரு தோட்டப் பட்டணத்தில் கடை வைத்திருக்கிறேன். பூஜை சாமான், பள்ளிக்கூட நோட்டு, டாப்-அப், ஒரு பக்கம் கூரியர் கவுண்டர். ஒரு பெரிய நிறுவனத்துக்கு நான் முகவர். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இதைப் படித்துவிட்டு ‘கஞ்சாக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான்’ என்று எழுத ஆட்கள் வருவார்கள். என் சித்தப்பா மகன் ஹெரோயினில்தான் செத்தான், 31 வயதில். அவன் பாடைக்குத் தோள் கொடுத்தவன் நான். அந்தப் பேச்சு என்னிடம் வேண்டாம்.

நேர் பதில் இதுதான். உள்ளே இருப்பது தெரிந்து ஏற்றினால் நிறுவனமும் மாட்டும். தெரியாமல் ஏற்றினால் மாட்டாது. ஆனால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று காட்டுவது நிறுவனத்துக்கு எளிது. கவுண்டரில் நிற்கிற பையனுக்கு எளிதில்லை.

2022 தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளிதான் வார விடுமுறை என்பதால் அன்றைக்குத்தான் தோட்டத்து ஆட்கள் பட்டணத்துக்கு வந்து பார்சல் போடுவார்கள். மாமியாருக்குக் காய்ச்சல் என்று நான் கிளினிக்குக்குப் போயிருந்தேன். கடையில் என்னிடம் வேலை பார்த்த பையன் மட்டும்தான். 22 வயது. அப்பா இல்லை, அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.

அன்று நடந்ததைக் கேமரா பதிவில் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். மேகி அட்டைப்பெட்டி ஒன்று. நான்கு மூலையிலும் பழுப்பு டேப்பை இடம் விடாமல் சுற்றியிருக்கிறது. கொண்டுவந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டு நிற்கிறான். தமிழில்தான் பேசுகிறான். முறுக்கு, நெய் உருண்டை, கோத்தா கினபாலுவில் இருக்கும் தங்கச்சிக்கு என்கிறான். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டைக் கொடுக்கிறான், மீதியை எண்ணாமல் பையில் போடுகிறான், போய்விடுகிறான்.

நாற்பது தடவை பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிற எந்த அம்மாவும் அப்படிப் போக மாட்டார். ‘தம்பி, உடையாதா? மேலே எதையும் வைக்க மாட்டாங்கல்ல? திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துடுமா?’ என்று மூன்று தரம் கேட்பார். கதவு வரை போய்த் திரும்பி வந்து பெட்டியை ஒரு தடவை தடவிவிட்டுப் போவார். இவன் உடையுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விமானத்தில் ஏற்றுவதற்கு முன் ஸ்கேன் செய்ததில் பெட்டி பிடிபட்டது. மேலே ஒரு டின் முறுக்கு, அடியில் காப்பித்தூளைக் கொட்டி நடுவில் கஞ்சா, அரைக் கிலோவுக்கு மேல். செவ்வாய்க்கிழமை மதியம் சாதாரண உடையில் நான்கு போலீஸ்காரர்கள் கடைக்கு வந்தார்கள். கணினியையும் என் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். ரசீதில் பையனின் பெயர் இருந்தது. அவனுக்குக் கைவிலங்கு போட்டுக் கூட்டிப் போனார்கள்.

விசாரணையில் பெட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவன் உண்மையைச் சொன்னான்: ‘முறுக்குன்னு சொன்னாரு, ஆனா காப்பித்தூள் வாசம் வந்துச்சு.’ அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். வாசம் வந்ததா? வந்தும் ஏன் வாங்கினாய்? அப்படியென்றால் சந்தேகம் இருந்ததுதானே? மறுநாள் மாஜிஸ்திரேட் ஏழு நாள் தடுப்புக்காவல் கொடுத்தார். பையனின் அம்மா வேலை முடிந்த யூனிபார்மோடு கடை வாசலில் நின்று, ‘தம்பி, உங்களை நம்பித்தானே விட்டேன்’ என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

போலீஸைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அரைக் கிலோ கஞ்சா கிடைத்தால் ரசீதில் இருக்கும் ஆளைத்தான் முதலில் தேடுவார்கள். எங்களுக்கு ஐந்தாம் நாள் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். அவர் விளக்கியதைச் சொல்கிறேன். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம்தான் இதற்கு. அதில் ‘கடத்தல்’ என்றால் விற்பது மட்டுமில்லை. பெற்றுக்கொள்வது, வைத்திருப்பது, ஏற்றிச்செல்வது, அனுப்புவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாமே அந்த விளக்கத்துக்குள் வருகிறது. என் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நடப்பதே அந்த வேலைகள்தான். 37ஆம் பிரிவில் இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. போதைப்பொருள் உள்ள ஒரு சாமான் உன் வசம் இருந்தால், உள்ளே இருப்பது என்ன என்று உனக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்வார்கள். தெரியாது என்று நீதான் காட்ட வேண்டும். அப்புறம் அளவு. கஞ்சா 200 கிராம், சியாபு என்கிற மெத்தாம்பெட்டமின் 50 கிராம், ஹெரோயின் 15 கிராம், அல்லது அதற்கு மேல் இருந்தால் கடத்தல்காரன் என்றே அனுமானம். இந்த இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக்கூடாது என்று 2019 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அடுக்குவதற்கு இடம் கொடுத்த 37ஏ பிரிவு செல்லாமல் போனது. கொஞ்சம் நிம்மதி, அவ்வளவுதான். சந்தேகம் வந்தும் கண்ணை மூடிக்கொண்டவனைத் தெரிந்தவனாகவே நீதிமன்றம் பார்க்கும் என்றார் வழக்கறிஞர். காப்பித்தூள் வாசத்தை அவர்கள் அதற்குள்தான் கொண்டுவரப் பார்த்தார்கள்.

39பி பிரிவில் கடத்தலுக்கு மரண தண்டனை இருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து அது கட்டாயமில்லை, நீதிபதி ஆயுள் தண்டனையும் தரலாம். ஆனால் எங்களுக்கு இது நடந்தது 2022இல். அவன் உள்ளே இருந்த நாளெல்லாம் அந்த அம்மா என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்?

சரி, நிறுவனம்? நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. முகவர் ஒப்பந்தப்படி பார்சலைச் சரிபார்ப்பது முகவரின் கடமை, நிறுவனம் அதிகாரிகளுக்கு முழு ஒத்துழைப்புக் கொடுக்கிறது என்று. கவுண்டரை மூன்று வாரம் முடக்கினார்கள். பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று எனக்கு யாரும் அதற்கு முன் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர்கள் கொடுத்த பயிற்சி ஒரு நாள்தான். ஸ்டிக்கர் எப்படி ஒட்டுவது, எடை எப்படிப் போடுவது, அதோடு முடிந்தது.

வெளிநாட்டில் பெரிய நிறுவனத்தையே பிடித்தார்களே என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பிடித்தது உண்மை, முழுக்கதையும் கேளுங்கள். அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை விற்ற இணைய மருந்துக் கடைகளின் பார்சல்களை ஏற்றியதற்காக யுபிஎஸ் 2013இல் 4 கோடி டாலர் கொடுத்து வழக்குக்குப் போகாமல் முடித்துக்கொண்டது. ஃபெடெக்ஸ் அப்படிக் கொடுக்கவில்லை. 2014இல் சான் பிரான்சிஸ்கோவில் அதன் மேல் குற்றம் சாட்டினார்கள். தினமும் ஒரு கோடிக்கு நெருக்கமான பெட்டிகள் ஏற்றுகிறோம், எல்லாம் மூடிய பெட்டிகள், எந்தக் கடை சட்டவிரோதம் என்று பட்டியல் கொடுங்கள், நிறுத்துகிறோம் என்று நிறுவனம் சொன்னது. 2016 ஜூனில் விசாரணை தொடங்கிய சில நாளிலேயே அரசுத் தரப்பே எல்லாக் குற்றச்சாட்டையும் கைவிட்டது. அந்த நாட்டுச் சட்டத்திலும், வழக்கமான தொழிலாகச் சரக்கு ஏற்றுகிறவர் போதை மருந்து வைத்திருக்க உரிமம் பதிய வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது.

அந்த முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. மூடிய பெட்டிக்குள் இருப்பது ஏற்றுகிறவனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பையனும் அதையேதான் சொன்னான். நிறுவனத்துக்கு அதைச் சொல்ல வழக்கறிஞர் படை இருந்தது. இவன் லோக்காப்பில் தனியாக, தூக்கம் இல்லாமல், சரியாக வராத மலாயில் சொன்னான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நீங்கள் கேட்டதற்கு வெளியே போனாலும் பரவாயில்லை. அந்த ரசீதில் அனுப்புநர் முகவரியாக ஒரு தோட்டத்தின் பெயரும், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் எண்ணும் இருந்தது. நான் பிறந்த தோட்டம் அது. பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அப்புறம் நிலத்தை வீடமைப்புக்கு விற்று, லயங்களை இடித்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் கடையில் இருந்திருந்தால் பார்த்தவுடன் பொய் என்று சொல்லியிருப்பேன். பையனுக்கு எப்படித் தெரியும்? லயத்தை இடிக்கும்போது அவன் சின்னப் பிள்ளை.

அந்தத் தோட்டத்தில் எங்களுக்கென்று முகவரியே இருந்ததில்லை. இருநூறு வீட்டுக்கும் ஒரே முகவரி, தோட்டத்தின் பெயரும் பட்டணத்தின் பெயரும்தான். கடிதம் எல்லாம் ஆபீசுக்குப் போகும். ஆபீஸ் எழுத்தரான கிராணி மனசு வைத்தால் கொடுத்தனுப்புவார். என் அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நேர்காணல் கடிதம் வந்து மூன்று வாரம் ஆபீஸ் அலமாரியில் கிடந்தது. சம்பள நாளில் அப்பா போய் நின்றபோது எடுத்துக் கொடுத்தார்கள். நேர்காணல் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தை அக்கா இன்னும் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். எங்களுக்குக் கடிதம் கொண்டுவந்து சேர்க்காத அதே முகவரியை ஒருவன் கஞ்சாப் பெட்டியில் எழுதி ஒரு தமிழ்ப் பையனை உள்ளே தள்ளியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

பையனை ஆறாம் நாள் போலீஸ் ஜாமீனில் விட்டார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, கைப்பேசியிலும் ஒன்றுமில்லை. கேமரா பதிவில் அந்த ஹெல்மெட்காரன் தெளிவாக இருந்தான். 180 வெள்ளிக்கு வாங்கிய கேமரா. வழக்குப் போடவில்லை, வாக்குமூலம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் கைவிலங்கோடு அவன் வண்டியில் ஏறியதை யாரோ எடுத்துக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். விட்டுவிட்ட செய்தியை யாரும் போடவில்லை. நான்தான் போட்டேன், பத்துப் பேர்கூடப் பார்க்கவில்லை. இப்போது அவன் ஜொகூரில் ஒரு பட்டறையில் இருக்கிறான். தீபாவளிக்கு ஊருக்கு வருவதில்லை.

இப்போது என் கடையில் அடையாள அட்டையைப் பார்க்காமல் பார்சல் வாங்குவதில்லை. ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வேன். பெட்டியைத் திறந்தபடி கொண்டுவரச் சொல்லி, பார்த்த பிறகு டேப்பை நாங்களே ஒட்டுகிறோம். உள்ளே என்ன என்பதை அனுப்புகிறவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘என்னையே சந்தேகப்படுறியா?’ என்று கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். சொந்த அத்தையே போனார். இதையெல்லாம் செய்யச் சொல்லி நிறுவனம் இன்றுவரை ஒரு காசு தந்ததில்லை.

உங்கள் தம்பியோ பிள்ளையோ கவுண்டரில் நிற்கிறார் என்றால் ஒன்றைச் சொல்லி வையுங்கள். கைதானவுடன் உறவினர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் கூப்பிட உரிமை இருக்கிறது, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவு. தடுப்புக்காவலுக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் நாளில் மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார். எனக்கு இது தெரிந்தது ஐந்தாம் நாள். தெரிந்திருந்தால் காப்பித்தூள் வாசத்தைப் பற்றி அவன் பேசும்போது பக்கத்தில் நிற்க ஒரு ஆளுக்காவது வழி செய்திருப்பேன்.