வாடிக்கையாளர் நிறுவனத்திலேயே வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மூன்று ஆண்டுகளாக ஒரு தனியார் வங்கியின் திட்டப்பணிக்காக, அந்த வங்கியின் அலுவலகத்திலேயே வேலை பார்க்கிறேன். அந்த வங்கி தன் இணையதளத்தில் அறிவித்துள்ள ஒரு பணியிடம் என் தகுதிக்குப் பொருந்துகிறது. ஆனால், விலகிய பின் 12 மாதங்களுக்கு வாடிக்கையாளரிடம் சேரக் கூடாது என்று என் பணி நியமனக் கடிதத்தில் உள்ளது. விண்ணப்பித்தால் வழக்கு வருமா? மேலாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டுமா?

பதில்: விண்ணப்பிக்கலாம். நீங்கள் அஞ்சும் அந்த 12 மாத நிபந்தனைக்கு இந்தியாவில் சட்ட வலு மிகக் குறைவு. சட்டத்துக்கு உட்பட்ட ஒரு தொழிலை ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், தடுக்கும் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு கூறுகிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை வேறு வகை. நியாயமான அளவில் இருந்தால் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கோலிகரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே, நோட்டீஸ் காலம் முடியும் முன்பே வங்கிக்காகத் தனியே ஒரு சிறு வேலையைக்கூடச் செய்து கொடுக்காதீர்கள்.

உண்மையான தடை நீங்கள் கையெழுத்திடாத ஒரு தாளில் இருக்கக்கூடும். உங்கள் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் இடையிலான சேவை ஒப்பந்தத்தில், ஒருவர் ஊழியரை மற்றவர் இழுக்கக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். விப்ரோ நிறுவனம் பெக்மேன் கோல்ட்டர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், இத்தகைய நிபந்தனை 27ஆவது பிரிவுக்கு முரணானதன்று, ஏனெனில் அது நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்துகிறதே தவிர ஊழியர்களை அன்று என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2006இல் கூறியது. சுருங்கச் சொன்னால், வழக்கு வந்தாலும் அது பெரும்பாலும் வங்கியின் மீதுதான் வரும். அதற்கு அஞ்சித்தான் பல நிறுவனங்கள் நல்ல விண்ணப்பதாரரையும் கடைசி நேரத்தில் கைவிடுகின்றன. இடையில் வேலையை விட்டுவிட்டவர் பாடுதான் திண்டாட்டம்.

அந்த நிபந்தனையின் வாசகம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். சிலவற்றில், வலியச் சென்று அழைப்பது மட்டுமே தடை. பொது விளம்பரத்தைப் பார்த்துத் தாமாக விண்ணப்பித்தவரைச் சேர்க்கத் தடையில்லை. சிலவற்றில் எப்படி வந்தவரையும் எடுக்கக் கூடாது. வேறு சிலவற்றில் உங்கள் நிறுவனத்தின் எழுத்துபூர்வ இசைவோ ஒரு கட்டணமோ இருந்தால் போதும். எனவே, வங்கியின் இணையதளம் வழியாகவே, சொந்த மின்னஞ்சலிலிருந்து விண்ணப்பியுங்கள். விளம்பரத்தையும் விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகையையும் சேமித்து வையுங்கள். அலுவலக மடிக்கணினியையும், அலுவலக நேரத்தையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

முதல் நேர்காணல் முடிந்ததும், சம்பளப் பேச்சுக்கு முன்பாக, வங்கியின் மனிதவளத் துறைக்கு இப்படி எழுதலாம்: “நான் தற்போது தங்கள் வங்கிக்குச் சேவை வழங்கும் நிறுவனத்தின் ஊழியர். அந்நிறுவனத்துடனான தங்கள் ஒப்பந்தத்தில் என்னைப் பணியமர்த்தத் தடை ஏதும் உள்ளதா என்பதைச் சரிபார்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன். எங்கள் நிறுவனத்தைத் தொடர்புகொள்ள நேர்ந்தால், அதற்கு முன் எனக்குத் தகவல் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.” இதற்கு எழுத்தில் பதில் வராமல் ராஜினாமா செய்யாதீர்கள். வங்கித் தரப்புத் திட்ட மேலாளர் “அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று தேநீர் இடைவேளையில் சொல்வார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் முடிவு சட்டப் பிரிவின் கையில் இருக்கிறது.

உங்கள் மேலாளரிடம் விண்ணப்பிக்கும் நிலையிலேயே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நியமனக் கடிதத்தில் அப்படியொரு நிபந்தனை உள்ளதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்கூட்டியே சொன்னால், வேறு திட்டப்பணிக்கு மாற்றிவிடும் வாய்ப்பு உண்டு, வேலை கிடைக்காமல் போனாலும் அந்த மாற்றம் அப்படியே நிற்கும். ஆனால் இசைவு தேவை என்று வங்கி சொல்லிவிட்டால், மற்றவர் வாயிலாக அவர் காதுக்குப் போகும் முன் நீங்களே நேரில் சொல்வதுதான் முறை. பெரிய வாடிக்கையாளரின் மனம் கோணக் கூடாது என்பதற்காகவே இசைவு தரும் நிறுவனங்கள் உண்டு. எங்கே சேரப் போகிறீர்கள் என்று விலகும்போது கேட்டால், சொல்ல விரும்பவில்லை என்று கூறலாம். பொய்யான பெயரைப் படிவத்தில் எழுதுவது பிற்காலச் சரிபார்ப்பில் உங்களுக்கே வினையாகும்.

பயிற்சிப் பத்திரம் ஏதேனும் கையெழுத்திட்டிருந்தால் அதைத் தனியே பாருங்கள். குறைந்தபட்சப் பணிக்காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் செல்லும் என்றது. ஆகவே எல்லாப் பத்திரங்களும் வெற்றுத்தாள் என்று எண்ணிவிட வேண்டாம்.

நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்து, விடுவிப்புக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதே வங்கியின் வேலைதானே என்று நிரல்களையோ ஆவணங்களையோ நகலெடுத்துச் செல்லக் கூடாது. ரகசியக் காப்பு நிபந்தனை விலகிய பின்னும் தொடரும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பழைய யுஏஎன் எண்ணிலேயே தொடரலாம். பணிக்கொடைக்கு மட்டும், அதே கட்டடத்தில் அதே நாற்காலியில் அமர்ந்தாலும், வங்கியில் உங்கள் பணிக்காலம் புதிதாகத்தான் தொடங்கும். சம்பளம் பேசும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.