பழைய குடும்பத் திரைப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் ஏன் இவ்வளவு ஆறுதல் கிடைக்கிறது?

என் வரையில், அந்த ஆறுதலில் பாதி படத்தினுடையது. மீதி, கூட உட்கார்ந்து பார்த்தவர்களுடையது.

சேலம் அம்மாபேட்டையில், பட்டுத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவன் நான். நாள் முழுவதும் ஓயாத தறிச் சத்தம், ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் படம் போடும் நேரத்தில் நின்றுவிடும். தாத்தா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து சுவரோரம் சாய்ந்துகொள்வார். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, மட்டும் ராட்டையை விடமாட்டார். தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டேதான் படம் பார்ப்பார்.

மாடர்ன் தியேட்டர்ஸ் படம் என்றால் வீட்டில் தனி மரியாதை. டி.ஆர். சுந்தரம் 1935-இல் எங்கள் ஊரில் தொடங்கிய நிறுவனம் அல்லவா! நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. கதைகள் வேறு வேறானாலும், எங்களுக்கு அவையெல்லாம் ஒரே தொடரின் பாகங்கள்தான்.

'மந்திரி குமாரி' (1950) படத்தில் மனைவியைக் கொல்ல மலை உச்சிக்கு அழைத்துப் போவான் கணவன். சாகுமுன் உங்களை மூன்று முறை சுற்றி வந்து வணங்க வேண்டும் என்பாள் அவள். அவள் சுற்றத் தொடங்கியதும் ராட்டை நின்றுவிடும். குண்டலகேசி கதையிலிருந்து வந்த காட்சி அது என்பதெல்லாம் பள்ளியில் படித்த பிறகு தெரிந்தது. யார் யாரைத் தள்ளப்போகிறார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். தெரிந்த ஒன்றுக்காகக் காத்திருப்பதில் இருக்கும் நிம்மதியைப் புதிய படம் எதுவும் எனக்குத் தந்ததில்லை.

ஆனால் என் மனத்தில் ஆழமாகத் தங்கியது 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956). தமிழில் முழுநீள வண்ணப் படமாக வந்த முதல் படம், கேவா கலர் என்ற வண்ணப் படச்சுருளில் எடுத்தது. எங்கள் வீட்டிலோ கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி! படம் வந்த புதிதில் கொட்டகையில் பார்த்தவர் அம்மாயி ஒருவர்தான். பானுமதி திரையில் வந்ததும் நாங்கள் கேட்போம், அவர் சொல்வார்: "இது மயில்கழுத்து நிறம் கண்ணு. அந்தத் துணி அரக்கு. பின்னால் தொங்குகிறதே திரைச்சீலை, அது மாம்பழ நிறம்." எங்கள் தறியில் ஓடிய பட்டு நூல்களின் நிறங்களைத்தான் அவர் அந்தப் படத்துக்குக் கொடுத்தார். நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு அது போதும். சாம்பல் நிறத் திரையில் மயில்கழுத்து மின்னுவதைக் கண்ணால் கண்டோம்.

பல ஆண்டுகள் கழித்து யூடியூபில் அதே படத்தை வண்ணத்தில் பார்த்தேன். அம்மாயி சொன்ன நிறங்களில் பல அங்கே இல்லை. அன்று மிகவும் தவித்துப்போனேன். கேட்டுத் தெளிய அவரும் இல்லை.

இப்போது தறியும் இல்லை. நானும் அம்மாவும் மட்டும் அந்தப் படத்தை அவ்வப்போது போட்டுப் பார்க்கிறோம். தொடங்குவதற்கு முன் தொலைக்காட்சியில் வண்ணத்தை முழுவதும் குறைத்துவிடுவேன். பானுமதி வந்ததும், "அம்மா, இது என்ன நிறம்?" என்று கேட்பேன்.

அம்மா யோசிப்பதே இல்லை. "மயில்கழுத்து" என்கிறார்.