பூனை தண்ணீராகக் குடிக்கிறது, இளைக்கிறது: வயசானதாலா?

11 வயதுப் பூனை கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறது, அது சிறுநீர் கழிக்கும் மண் தட்டு எப்போதும் சொதசொதவென்று ஈரம், முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வயசு மட்டும் பூனையை இப்படி இளைக்க வைக்காது. முதல் சந்தேகம் சிறுநீரகம். அதன் செயல்திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பெரும்பாலும் ஏறும்; அதனால் சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். ஒரே ரத்தப் பரிசோதனையில் மூன்றையும் பார்த்துவிடலாம். ரத்த அழுத்தத்தையும் விடாதீர்கள். அது ஏறினால் திடீரென்று பார்வை போய்விடலாம்.

மற்ற வயதுகளையும் கேட்டிருந்தீர்கள். குட்டிகளுக்கு எமன் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய்: வாந்தி, பேதி, ஓரிரு நாளில் உயிரே போகலாம். 6–8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரை 3–4 வார இடைவெளியில் போட வேண்டும். குடற்புழு மருந்தும் கட்டாயம். தெள்ளுப்பூச்சி மொய்த்தால் சின்னக் குட்டிக்கு ரத்தசோகையே வந்துவிடும்.

நடுவயதில் உடல் பருமன், ஈறு நோய். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கி, ஒரு சொட்டும் வரவில்லையா? பலர் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். அது பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எந்த வயதானாலும் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது விஷம்.