குர்த்தி தொழிலுக்கு மானியக் கடன்

கேள்வி: கோபி பக்கம் கிராமத்தில் பருத்திக் குர்த்தி தைத்து விற்க 10 லட்ச ரூபாயில் திட்டம் போட்டிருக்கிறேன். கையில் 1 லட்சம்தான் இருக்கிறது. முடியுமா?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: தாராளமாக முடியும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்கள் 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய் போட்டால் போதும். கிராமத்தில் மானியம் 35 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். புதிய தொழிலுக்கு மட்டுமே இது. ஆரம்பித்துவிட்டு விண்ணப்பித்தால் தள்ளிவிடுவார்கள். மானியம் கைக்கு வராது. 3 ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும்.

மீதிப் பணத்தை மொத்தமாகத் துணியில் முடக்காதீர்கள், தயவுசெய்து. வெட்டும் முன் துணியில் 50 செ.மீ. சதுரம் வரைந்து, துவைத்து உலர்த்தி அளந்து பாருங்கள். 48 ஆகிவிட்டால் சுருக்கம் 4 சதவீதம். பேட்டர்னில், அதாவது துணி வெட்டும் அளவு மாதிரியில், அதைக் கூட்டாவிட்டால் முதல் சலவையிலேயே குர்த்தி உடலை இறுக்கிப் பிடித்துவிடும். வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார்.