சிபோன், வெல்வெட், லைக்ரா: உவர்மலைத் தையலக்காவிடம் கேள்வி பதில்

கிண்ணியாவிலிருந்து: அக்கா, அபாயாவுக்கு மேல் கோட் சிபோனில் தைக்கிறேன். வெட்டும்போதே துணி ஓடுது, தைத்தால் சுருங்குது. மெசின் பிழையா?

மெசினைக் குறை சொல்லாதீங்க தங்கச்சி, அநேகமாக ஊசிதான். வீட்டு மெசின்களில் கிடப்பது பெரும்பாலும் 14ஆம் நம்பர். சிபோனுக்கு 9 அல்லது 10, அதுவும் புது ஊசி வேண்டும். நூல் மெல்லிய பொலியெஸ்டர், தையல் நீளம் 2 மில்லிமீற்றர். மேசையில் டிசு பேப்பர் விரித்து, துணியை அதோடு குண்டூசியால் பிடித்து, இரண்டையும் சேர்த்தே வெட்டுங்கள். பழைய பத்திரிகை வேண்டாம், மை ஒட்டும். தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்திருங்கள், இல்லாவிட்டால் மெசின் துணியை உள்ளே இழுத்துவிடும்.

ஓரத்துக்கு ஓவர்லொக் (நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல்) அடித்தால் வெளியே தெரியும். எனக்குப் பிடித்தது பிரெஞ்சுத் தையல்தான். துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க 6 மில்லிமீற்றரில் ஒரு தையல். அந்த ஓரத்தைப் பாதியாக நறுக்கி, துணியைப் புரட்டி, ஓரம் உள்ளே மூடும்படி இன்னொரு தையல். நேரம் எடுக்கும்தான், ஆனால் உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே அழகாக இருக்கும்.

பாலையூற்று: ஒரே வெல்வெட்டில் தைத்த சட்டை, முன்பக்கம் கறுத்தும் பின்பக்கம் வெளிறியும் தெரியுதே?

துண்டுகளைத் திசை மாற்றி வெட்டியிருக்கிறீர்கள். வெல்வெட்டைக் கையால் தடவினால் அதன் மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்று தெரியும். மயிர் மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும். எல்லாத் துண்டையும் ஒரே பக்கமாக வெட்ட வேண்டும், அதற்காகவே துணி கொஞ்சம் கூட வாங்குங்கள். அயனை மேலே வைத்து அழுத்தவே கூடாது, மயிர் நசுங்கி அந்த அடையாளம் அப்படியே நின்றுவிடும். இன்னொரு வெல்வெட் துண்டின் மேல் குப்புறப் போட்டு ஆவி மட்டும் காட்டுங்கள்.

நிலாவெளி: மகளுக்கு முழுக்கை நீச்சல் உடுப்பு தைத்தேன். போடும்போதே தையல் அறுகிறது.

லைக்ரா இழுபடும், நேர் தையல் இழுபடாது, அதுதான் அறுகிறது. சிறிய சிக்சாக், அதாவது வளைந்து வளைந்து போகும் தையல் போடுங்கள். இழுபடும் துணிக்கென்றே வரும் 75/11 அளவு ஸ்ட்ரெச் ஊசி, பொலியெஸ்டர் நூல். தைக்கும்போது துணியை இழுக்காமல் விடுங்கள்.

தம்பலகாமம்: அம்மாவின் கூறைச் சேலையில் மகளுக்குப் பாவாடை தைக்கலாமா அக்கா? வெட்டப் பயமாக இருக்கு.

பயம் நியாயமானதே. முதலில் சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்காக மடிந்து கிடந்த வரிகளில் பட்டு இற்றிருக்கும், அந்த இடங்களை விட்டுவிட்டு வெட்டுங்கள். பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்து இரண்டையும் ஒன்றாகவே தைத்தால் இழுவை பட்டில் விழாது. பட்டில் ஊசித் துளை மறையாது, ஆகவே குண்டூசியைத் தையலுக்கு விடும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள். நம் கடற்காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருக்கறை பட்டை விட்டுப் போகாது. தலைப்பை மட்டும் வெட்டாமல் எடுத்து வையுங்கள். சின்னப் பிள்ளைக்கு உடல்பகுதியே போதும்.

மூதூர்: சீக்குவின் (மினுங்கும் சிறு தகடு) வைத்த துணியில் ஊசி முறிஞ்சுகொண்டே இருக்கு.

தையல் வரும் இடத்துச் சீக்குவின்களை முதலிலேயே எடுத்துவிடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. உள்ளே லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் உடம்பைக் கீறும். வெட்டுவதற்குப் பழைய கத்தரியே போதும், சீக்குவின் பட்டால் கத்தரியின் வாய் மழுங்கிவிடும். நல்ல கத்தரியைப் பட்டுக்கு வைத்திருங்கள்.