மேய்ச்சல் ஆடுகளின் குடற்புழுவுக்குப் பூஞ்சைத் தீவனம்: மருந்தை நிறுத்திவிடலாமா?

கேள்வி: செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் மேய்ச்சலில் விட்டு வளர்க்கிறேன். குறித்த இடைவெளியில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தும் குட்டிகள் மெலிகின்றன. சிலவற்றுக்குத் தாடையின் கீழ் வீக்கம் வருகிறது. தீவனத்தில் கலந்து கொடுக்கும் பூஞ்சைத் தூள் ஒன்று புழுக்களைக் கொல்லும் என்று கேள்விப்பட்டேன். அதைக் கொடுத்தால் மருந்தை அடியோடு நிறுத்திவிடலாமா? எத்தனை நாள் கொடுக்க வேண்டும்?

பதில்: நிறுத்த முடியாது. தாடை வீக்கம் வந்துவிட்ட ஆட்டுக்கு இந்தத் தூள் எந்த உதவியும் செய்யாது. அந்த ஆடு இரத்தம் இழந்து, புரதம் குறைந்து நிற்கிறது. அதற்கு உடனடியாகக் கால்நடை மருத்துவர் பார்த்துத் தரும் மருந்துதான் வேண்டும். நீங்கள் கேள்விப்பட்ட பூஞ்சை ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கும் புழு ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. அது வேலை செய்யும் இடம் தரையில் விழுந்த புழுக்கை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், எப்போது வாங்கலாம், எப்போது வாங்குவது வீண் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

மேய்ச்சல் ஆடுகளை அதிகம் வாட்டுவது, நான்காம் வயிற்றில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழு. இதன் பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். முட்டைகள் புழுக்கையோடு வெளியேறி, அதற்குள்ளேயே பொரிந்து, இளம்புழுக்கள் அங்குள்ள பாக்டீரியாக்களைத் தின்று இருமுறை தோலுரிக்கின்றன. வெப்பமும் ஈரமும் சேர்ந்திருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை தொற்றும் பருவத்தை அடைந்து, ஈரப் புல்லில் ஏறிக்கொள்கின்றன. புல்லோடு உள்ளே போன இளம்புழு மூன்று வாரங்களில் முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. மருந்து கொடுத்த சில வாரங்களிலேயே ஆடு மீண்டும் பழைய நிலைக்கு வருவதற்கு ஒரு காரணம் இந்தச் சுழற்சி. மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகிவிட்டது மற்றொரு காரணமாக இருக்கலாம்.

இளம்புழு புழுக்கைக்குள் கழிக்கும் அந்தச் சில நாள்களில்தான் பூஞ்சை குறுக்கிடுகிறது. சில பூஞ்சைகள் உருண்டைப்புழுக்களைப் பிடித்து உண்பதை ஜெர்மானிய ஆய்வாளர் சோப்ஃப் 1888-லேயே பதிவு செய்திருக்கிறார். ஆனால் அவற்றுள் பல, கால்நடையின் குடலைக் கடந்து உயிரோடு வெளியே வருவதில்லை. இத்தகைய தூளில் பயன்படும் டடிங்டோனியா ஃபிளாக்ரன்ஸ் என்ற இனம் தனித்து நிற்பது அதன் தடித்த சுவருள்ள வித்துகளால்தான். அசைபோடலையும் வயிற்று அமிலத்தையும் தாங்கிப் புழுக்கையில் வந்து சேரும் வித்துகள் அங்கே முளைத்து இழைகளாகப் படர்கின்றன. இளம்புழுக்கள் அருகில் நெளிவதே அந்த இழைகளை ஒட்டும் தன்மையுள்ள வளைய வலைகளாக மாறத் தூண்டுகிறது. சிக்கிய இளம்புழுவின் தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, அதைச் செரித்துவிடுகிறது பூஞ்சை. மருந்தை எதிர்க்கும் புழுவின் குஞ்சா, எதிர்க்காத புழுவின் குஞ்சா என்று அது வேறுபாடு பார்ப்பதில்லை. மருந்துகள் செயலிழந்து வரும் மந்தைகளில் இதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பயன்பாட்டில் மிகுதியான தவறு நேர்வது இடைவெளி விடுவதில்தான். வித்துகள் குடலில் தங்கிப் பெருகுவதில்லை. கொடுப்பதை நிறுத்திய இரண்டு மூன்று நாள்களில் அவை புழுக்கையிலிருந்து மறைந்துவிடும். அதன்பின் விழும் புழுக்கையில் இளம்புழுக்கள் தடையின்றி வளரும். ஆகவே நாள்தோறும், மேயும் ஒவ்வோர் ஆட்டுக்கும், எடைக்கேற்ற அளவில் கிடைக்க வேண்டும். தீவனத் தொட்டியில் வலுத்த ஆடுகள் முந்திக்கொண்டு, குட்டிகள் ஒதுங்கி நின்றால், அதிக முட்டைகளை வெளியேற்றும் குட்டிகளின் புழுக்கையே பாதுகாப்பின்றி விழும். தொட்டியின் நீளத்தைக் கூட்டுங்கள். குட்டிகளுக்குத் தனித் தொட்டி வையுங்கள். தாது உப்புக் கட்டியில் சேர்த்துத் தருவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் எந்த ஆடு எவ்வளவு நக்கியது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

அளவைப் பொறுத்தவரை, கிராம் கணக்கைப் பார்க்காமல் வித்துக் கணக்கைப் பாருங்கள். பதிவு பெற்று விற்பனையில் உள்ள ஒரு தயாரிப்பின் அளவு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 30,000 வித்துகள். அதன்படி 30 கிலோ ஆட்டுக்கு 9 லட்சம் வித்துகள் வேண்டும். முந்தைய ஆய்வுகள் பலவற்றில் கிலோவுக்கு 2.5 லட்சம் முதல் 5 லட்சம் வரை கொடுத்திருக்கிறார்கள். பூஞ்சையின் வகையையும் தயாரிப்பையும் பொறுத்து அளவு மாறும் என்பதால், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள வித்துகள் என்று உறையில் அச்சிடாத தூளை வாங்காதீர்கள். உங்கள் நாட்டில் அந்தத் தயாரிப்புக்கு அனுமதி உண்டா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலக்கும் முறையிலும் கவனம் தேவை. கடும் வெப்பம் வித்துகளைக் கெடுக்கும் என்பதால் குச்சித் தீவனம் தயாரிக்கும் இயந்திரத்தில் தூளைப் போடக் கூடாது. ஆறிய அடர்தீவனத்தில் சேர்க்க வேண்டும். ஈரம் பட்டால் வித்து தொட்டியிலேயே முளைக்கத் தொடங்கும். நனைத்த தீவனமாக இருந்தால் கொடுக்கும் வேளையில் கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள். கலக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

இனி, எத்தனை நாள் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆண்டு முழுவதும் கொடுப்பது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. கடுங்குளிரிலும், ஈரமே இல்லாத கடும் வறட்சியிலும் இளம்புழுக்கள் வளர்வது குறைவு. அப்போது செலவிடும் பணம் வீணாகும். கொடுக்க வேண்டிய காலங்கள் இரண்டு. மழை தொடங்கி மேய்ச்சல் நிலம் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும் காலம் ஒன்று. சினை ஆடுகள் ஈனுவதற்கு இரு வாரம் முன்பிருந்து ஈன்று ஏறத்தாழ எட்டு வாரம் வரை மற்றொன்று. ஈனும் ஆட்டின் எதிர்ப்பாற்றல் தளர்வதால் அப்போது முட்டை வெளியேற்றம் பல மடங்கு கூடுகிறது, அந்த நிலத்தில்தான் குட்டிகள் முதல் புல்லைக் கடிக்கின்றன. இவ்விரு காலமும் ஒன்றாக அமைந்தால் அதைவிடப் பொருத்தமான வேளை கிடையாது. புதிய நிலத்துக்கு ஆடுகளை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்கிவிட்டால், அங்கே விழும் முதல் புழுக்கையிலேயே வித்து இருக்கும்.

மருந்து கொடுத்தபின் தொடங்குவதும் நல்ல உத்தி, ஏனெனில் மருந்துக்குத் தப்பிய புழுக்களின் முட்டைகளே அப்போது வெளிவருகின்றன. ஆனால் ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை மருந்துகள் பூஞ்சையின் வளர்ச்சியையும் அடக்கக்கூடியவை. அவற்றைக் கொடுத்திருந்தால் சில நாள் கழித்துத் தூளைத் தொடங்குங்கள்.

பலன் உடனே கண்ணில் படாது. தூள் கொடுத்த இரண்டு வாரத்தில் புழுக்கையைப் பரிசோதித்து, முட்டை எண்ணிக்கை குறையவில்லை என்று ஏமாற்றமடைபவர்கள் பலர். முட்டையிடும் புழு வயிற்றில் அப்படியே இருக்கும்போது எண்ணிக்கை எப்படிக் குறையும்? பூஞ்சையின் பலனை அறிய, புழுக்கையை ஆய்வகத்தில் வளர்த்து, எத்தனை இளம்புழுக்கள் தேறுகின்றன என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே புல்லில் ஏறிவிட்ட இளம்புழுக்கள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ உயிரோடிருக்கும். ஆகவே மந்தையில் தெரியும் முன்னேற்றத்துக்கு இரண்டு மாதமாவது பொறுக்க வேண்டும்.

கல்லீரல் தட்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் இந்தப் பூஞ்சை பயன்படாது. மேய்ச்சலுக்கே விடாமல் பரண் கொட்டகையில் வளர்ப்பவர்களுக்கும் இது பெரும்பாலும் தேவையில்லை. மண்புழுக்களுக்கு இதனால் கேடு இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

தூள் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். இப்போது கொடுக்கும் மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று கண்டறியுங்கள். மருந்து கொடுக்கும் நாளன்றும், 10 முதல் 14 நாள் கழித்தும் அதே ஆடுகளின் புழுக்கையில் முட்டைகளை எண்ணச் சொல்லுங்கள்; குறைவு 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எதிர்ப்பு உருவாகிவிட்டது என்று கருதி, மருத்துவரோடு பேசி வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். எல்லா ஆடுகளுக்கும் ஒருசேர மருந்து ஊற்றும் வழக்கத்தையும் விடுங்கள். கீழ் இமையை விலக்கி உள்நிறம் பார்த்து, வெளிறியவற்றுக்கு மட்டும் எடைபோட்டு முழு அளவில் கொடுங்கள்.