பயோட்டின் மாத்திரையும் தைராய்டு ரிப்போர்ட்டும்

கேள்வி: எனக்கு வயது 32. முடி கொட்டுவதால் தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மிகக் குறைவு, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகம் என்று வந்திருக்கிறது. படபடப்போ எடைக் குறைவோ இல்லை. தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொடங்கலாமா? ரிப்போர்ட்டில் ‘எலக்ட்ரோ கெமிலுமினசென்ஸ்’ என்று இருக்கிறதே, அது கதிர்வீச்சா?

பதில்: கதிர்வீச்சு இல்லை, பயப்படாதீர்கள். எடுத்த ரத்தத்தில், மெஷினுக்குள் நடக்கும் வேதிவினை அது. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டைக் குழப்பியது அந்த வினையும் பயோட்டினும் சேர்ந்துதான் என்று சந்தேகப்படுகிறேன்.

டி.எஸ்.எச். பரிசோதனையில் இரண்டு ஆன்டிபாடிகள் அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றில் ருத்தீனியம் என்ற உலோகம் ஒட்டியிருக்கும், மற்றதில் பயோட்டின். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய காந்தத் துகள்கள் பயோட்டினைப் பற்றிக்கொள்ள, மிச்சம் கழுவப்படும். பிறகு மின்னழுத்தம் கொடுத்ததும் ருத்தீனியம் செம்மஞ்சள் ஒளி விடும். ஒளி அதிகம் என்றால் டி.எஸ்.எச். அதிகம். உங்கள் ரத்தத்தில் மாத்திரையின் பயோட்டின் மிதந்தால், அது முந்திக்கொண்டு துகள்களில் இடம் பிடித்துவிடும். ஹார்மோனைப் பிடித்த ஆன்டிபாடிகள் கழுவலோடு போய்விடும், ஒளி குறையும், டி.எஸ்.எச். இல்லாததுபோல் தெரியும். ஃப்ரீ டி4 பரிசோதனையில் கணக்கு தலைகீழ்: அங்கே ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று பொருள். ஆக, ஒரே கோளாறு இரண்டு எண்களையும் ஹைப்பர் தைராய்டு (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது) போலவே காட்டிவிடுகிறது. பார்க்கும் டாக்டருக்குச் சந்தேகமே வராது. பயோட்டினைத் தாங்கும் கிட்டுகள் இப்போது வருகின்றன, ஆனால் எல்லா லேபிலும் அவை இருக்காது.

நமக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் சாப்பிடுவது அதைப் போல 300 மடங்குக்கும் மேல்!

கார்பிமசோல் அரிதாக வெள்ளை அணுக்களைக் கடுமையாகக் குறைக்கும். இல்லாத நோய்க்கு அந்த ஆபத்து வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் உடனே பயோட்டின் விஷயத்தைச் சொல்லுங்கள். குறைந்தது 2 நாள் அதை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதையும் சொல்லுங்கள், கர்ப்பத்தின் ஆரம்பத்திலும் டி.எஸ்.எச். குறையும். மறுபரிசோதனையிலும் இதே முடிவு வந்தால், அப்புறம் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம்.

முடிக்கு? பயோட்டின் குறைபாடு அபூர்வம். பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் அடிக்கடி பார்ப்பது. அதே ரத்தத்தில் ஃபெரிட்டினும் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது) பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் சில மெஷின்களில் இப்படி ஏமாறும். அப்படித் தவறாகக் குறைந்து காட்டிய ஒருவர் இறந்ததைக் குறிப்பிட்டு, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 நவம்பரில் எச்சரித்தது. வீட்டில் யார் பயோட்டின் சாப்பிட்டாலும், நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போனால் முதலிலேயே அதைச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.